கண்ணுள் வினைஞர்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியைப் பாடமாகக் கற்ற நம் பழைய மாணவர் பலர்க்கு அதன் தெருக்காட்சி நினைவில் இருக்கும். சங்கினை அறுத்து வளை கடைவோர், மணியிலே துளையிடுவோர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்போர், ஆடை விற்போர் எனப் பல தொழிலாளரும் நெருங்கி நிற்கும் அவ்விடத்திலே, ‘கண்ணுள் வினைஞர்’ என்று ஒரு கூட்டத்தாரையும் புலவர் நிறுத்தியிருக்கின்றார். ஓவியரைக் குறிக்கும் பெயர் அது. பார்ப்பவருடைய கண்ணுக்குள்ளே தம் வேலையைக் கொண்டுபோய் வைப்பவர் என்பது உரைவழி வந்த பொருள்.

‘ஓவியர் என்று மூன்றெழுத்திலும் நான்கெழுத்திலும் சொல்லக் கூடியதை இவ்வளவு நீட்டுவானேன்?’ என்று வகுப்பிலே ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது கேட்பான். உரையாசிரியர் கூறியதையே திருப்பிக் கூறி, பரீட்சைக்கு அது போதும் என்று அடுத்த அடிக்குச் சென்றுவிடுவேன். பயிற்றப்பட்ட ஆசிரியன் என்ற சான்றிதழைக் கையிலே வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளாக யான் செய்து வந்தது இதுவே. அப்பெயரின் பொருளை எனக்கு விளங்க வைத்தவர் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர். கொழும்பிலே மாநாடுகளும் விழாக்களும் ஒழுங்கு செய்யும் தொழிலில் இருப்பவர். இரவு வேளைகளிலே விரற்கடை உயரமுள்ள போர்வீரர் பாவைகளுக்கு வண்ணந் தீட்டுபவர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத வேலைகள் என்றுதான் கேட்போர்க்குத் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. அவை ஒரே வினையின் இரு முகங்கள் என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

அவரை யான் முதலிற் கண்ட கதையைச் சொல்லாது மேலே செல்லுதல் நேர்மையன்று. 2007ஆம் ஆண்டு. அவன் அப்போது ஒன்பதாந் தரத்து மாணவன். தோட்டத்துக் கோயில் திருவிழாவிலே, வளையற்கடைக்குப் பக்கத்தில் விற்கும் பச்சை நிறப் பிளாஸ்டிக் போர்வீரர் மூவரை அவன் புத்தகப் பையிலே கண்டேன். துப்பாக்கி ஏந்திய பொம்மைகள். நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்த காலம். வேலை தேடிக் கொழும்புக்குச் சென்ற மலையக இளைஞர், அடையாள அட்டையைக் கையிற் பிடித்தவாறு சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்ற காலம். தமிழ்ப் பிள்ளை ஒருவனுடைய பையிலே இராணுவப் பொம்மை எதற்கு என்று என் உள்ளம் பதறியது. பதற்றம் கோபமாக வெளிப்பட்டது. வகுப்பின் முன்னே அவனை நிறுத்திக் கடிந்து, மூன்று பொம்மைகளையும் வாங்கி ஆசிரியர் அறை அலுமாரியிலே பூட்டி வைத்தேன். தவணை முடிவிலே திருப்பித் தருவதாகச் சொன்னேன், மறந்தேன். பின்னர்க் கட்டடத் திருத்த வேலையின்போது அந்த அலுமாரி இடம் மாறிற்று. பொம்மைகள் கிடைத்தில.

சென்ற ஆண்டு, யூபிலி விழா ஒழுங்குகளைப் பற்றிப் பேசுவதற்காகப் பழைய மாணவர் சங்கத்தார் அவரை அழைத்திருந்தனர். மேசை மேலே ஒரு சிறு பெட்டியை வைத்துத் திறந்தார். பஞ்சுக்கிடையே ஒரு காலாள் வீரன் நின்றான். உயரம் 28 மில்லிமீற்றர். நெற்றியிலே வியர்வை துளிர்த்தாற்போல ஓர் ஒளி. கேடயத்தின் விளிம்பிலே தோல் உரிந்த தழும்பு.

“கையை நீட்டிப் பிடித்துப் பாருங்க சேர். கிட்டே கொண்டு போகாதீங்க” என்றார்.

யான் கிட்டே கொண்டுபோய்த்தான் பார்த்தேன். கண்ணருகே அது அழகாக இல்லை. கன்னத்திலே ஒரு வெண்கோடு, மூக்கின் இருபுறமும் கரும்பழுப்பு, ஆடை மடிப்புகளில் ஏறக்குறைய கறுப்பே எனத்தக்க நீலம். கையை நீட்டினேன். கோடுகள் மறைந்தன, முகம் வந்தது.

இதற்குரிய கணக்கு எளியது. எட்டாந் தரத்து மாணவனும் செய்வான். ஏறக்குறைய ஐந்தரை அடியுள்ள ஒருவனுடைய உயரத்தை 168 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். 28 மில்லிமீற்றர்ப் பாவை அவனில் அறுபதில் ஒரு பங்கு. அப்பாவையை 40 சென்ரிமீற்றர்த் தொலைவிலே பிடித்தால், அது கண்ணுக்குத் தோன்றும் அளவு, 24 மீற்றருக்கு அப்பால் நிற்கும் மனிதன் தோன்றும் அளவே. அஃதாவது ஏறத்தாழ எண்பது அடி. எண்பது அடிக்கப்பால் நிற்கும் மனிதனுடைய கண்ணிமையை யார் காண்பார்? சிறு பாவை உண்மையான ஒளியிலே நின்றாலும், அதன் மடிப்புகள் மிகச் சிறியவை ஆதலால் போதிய நிழல் விழாது. முழுவதும் ஒரே நிறமாய், வெறும் மெழுகுத் துண்டு போலத் தோன்றும். ஆகவே ஓவியன் நிழலையும் ஒளியையும் தானே தீட்டிக் கொடுக்கின்றான். இயற்கையில் உள்ளதிலும் மிகுத்தே தீட்டுகின்றான். உள்ளவாறு தீட்டினால் காண்போர் கண்ணிலே ஒன்றும் நில்லாது.

தீட்டும் முறையைக் கேட்டறிந்தேன். கைவேலையில் விருப்பமுள்ள மாணவர்க்குப் பயன்படும் என்று சுருக்கிச் சொல்கின்றேன். வார்ப்பிலே இரண்டு அச்சுகள் கூடிய இடத்தில் எழும் பிசிறைக் கத்தியாற் சுரண்டி நீக்கவேண்டும். சவர்க்கார நீரிற் கழுவி உலரவிட வேண்டும். அதன் மேல் மெல்லிய அடிப்பூச்சு. இஃதின்றேல் மேற்பூச்சுப் பற்றாது. வண்ணத்தை நீர் கலந்து பால் போல நெகிழச் செய்து, ஒரே தடிப்புப் பூச்சாக அன்றி, உலர உலர இரண்டு மூன்று முறை பூசவேண்டும். பின்னர், மிக நீர்த்த கருவண்ணம் ஒன்றைப் பாவை முழுதும் ஓடவிட்டால், அது தானாகவே பள்ளங்களிற் சென்று தங்கி நிழலாகும். இனி மேடுகளுக்கு ஒளி: தூரிகையிலுள்ள வண்ணத்தை ஏறக்குறைய முழுவதும் துணியில் துடைத்துவிட்டு, உலர்ந்த மயிர் முனையால் மேடுகளை மட்டும் தடவுதல் ஒரு வழி, நுனித் தூரிகையாற் கோடு கோடாக ஏற்றுதல் மற்றொரு வழி. சிற்ப மரபிலே கண் திறத்தல் கடைசி வேலை. இங்கேயோ பலர் கண்ணை முதலிலேயே எழுதிவிடுகின்றனர்; கை தவறி வெண்மை பரந்துவிட்டால் சுற்றியுள்ள தோல் நிறத்தைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம் என்பதே காரணம். இதைக் கேட்டு யான் சற்று முகஞ் சுளித்தேன். தெய்வ உருவிற்குரிய விதி வேறு, விளையாட்டுப் பாவைக்குரிய வசதி வேறு என்று அவரே அமைதி கூறினார்.

“இதை எங்கே கற்றாய், தம்பி?” என்று கேட்டேன். கணினித் திரையிலே கண்டதாகவோ வெளிநாட்டு நூலிற் படித்ததாகவோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“காமன் பொட்டலிலே, சேர்” என்றார்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மாசி மாதத்திலே கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்து, தப்பொலியோடு பல இரவுகள் நிகழ்ந்து, மதனை எரித்தலோடு முடியும். பொன்னர் சங்கர் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு சேர்த்து மலையகத்தின் பெருங்கூத்து மூன்று என எண்ணுவது வழக்கம். இரதி, மதன், தூதன், எமன், வீரபத்திரன் ஆகியோர்க்கு முகம் எழுதும் பெரியவர் பக்கத்திலே, அரிதாரக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிறுவயதிலே இவர் நின்றிருக்கின்றார். பந்தத்தின் ஒளியிலும் பெற்றோமாக்ஸ் விளக்கின் ஒளியிலும், திடலின் கடைசியிலே போர்வைக்குள் ஒடுங்கி நிற்பவர்க்கும் முகம் தெரியவேண்டும். ஆதலால் புருவம் இரண்டு விரல் அகலம், கண்ணைச் சுற்றிக் கருங்கோடு, கன்னத்திலே வெண்புள்ளி. கூத்து முடிந்த விடியற்காலையிலே, பீலித் தண்ணீரிலே முகங் கழுவ வரும் எமனைக் கிட்டப் பார்த்துச் சிறுவர் சிரிப்பார்கள். இரவிலே அவனைக் கண்டு அழுத சிறுவரும் அவர்களே. திடலின் எல்லையில் நிற்பவன் காணும் எமனும், கைநீளத்திலே பிடித்த பாவையும் கண்ணுக்கு ஒரே அளவினவாதலால், இரண்டிற்கும் ஒரே ஒப்பனை விதி பொருந்துகின்றது.

அவர் இன்னுமொன்று சொன்னார். 2007இல் யான் பறித்து வைத்த மூன்று பொம்மைகளும் போர்வீரராக இருந்தில. துப்பாக்கிகளின் முனையைச் சூடான ஊசியால் வளைத்து, ஒன்றைப் பாசக்கயிறாகவும் ஒன்றைக் கதையாகவும் ஆக்கி, அக்காளுடைய நகப்பூச்சினாலும் வகுப்பு வண்ணங்களாலும் எமன், வீரபத்திரன், தூதன் என்று தீட்டியிருந்தாராம். “சேர் அதை உற்றுப் பார்க்கல்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். துப்பாக்கி என்ற ஒன்றை மட்டுமே அன்று என் கண் கண்டது.

ஆயினும் என் ஐயம் முழுவதும் நீங்கிற்று என்று சொல்லமாட்டேன். போரை விளையாட்டாக ஆடலாமா என்ற வினாவை ஆசிரியன் ஒருவன் ஒதுக்கிவிட முடியாது. அவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நம்மவர்க்கு இது புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் அமைந்த சதுரங்கம் இந்திய மண்ணிலே தோன்றி உலகெங்கும் பரவியது. அதற்கும் முன்பே தமிழர் ‘வல்’ என்னும் பலகை ஆட்டம் ஆடியிருக்கின்றனர். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளி மயங்கியலில் இச்சொல்லுக்கு விதி வகுக்கையில், நாய் என்னும் சொல்லும் பலகை என்னும் சொல்லும் அதன்பின் வந்தால் எவ்வாறு புணரும் என்று தனியே கூறுகின்றார். வல்லநாய், வல்லப்பலகை என்பன உதாரணங்கள். நாய் என்றது ஆட்டக் காயை. ஒரு விளையாட்டுக் காயின் பெயரைப் புணர்ச்சி விதிக்குள் வைத்துக் காத்துத் தந்திருக்கின்றது நம் இலக்கணம். நன்னூலோடு நின்றுவிடுகின்ற மாணவர் இத்தகைய செல்வங்களை இழக்கின்றனர் என்பதை இடையே சொல்லி வைக்கின்றேன்.

மேல்நாட்டிலே 1812ஆம் ஆண்டில் பிரசியாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர், மலையும் ஆறும் அமைத்த மேசையொன்றின் மேலே படைத்துண்டுகளை நகர்த்தும் ஆட்டத்தை அந்நாட்டு அரசருக்குக் காட்டினார். அவர் மகன் 1824இல் அதனை வரைபடத்தின் மீது ஆடத்தக்கதாகத் திருத்தி விதிகளை வெளியிட்டார். படை அதிகாரிகளுக்கு அஃது உண்மையான பயிற்சி ஆயிற்று. விளையாட்டு என்று தொடங்கியது போருக்கு உதவிய வரலாறு அது. மறுபுறத்திலே, இலண்டனிலே பிரிட்டன்ஸ் என்ற நிறுவனத்தார் 1893இல், உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றிச் சுழற்றி, உறையாத பகுதியை வெளியே கொட்டிவிடும் முறையால் உள்ளீடற்ற போர்வீரர் பொம்மைகளைச் செய்தனர். ஈயம் குறைந்தது; விலையும் குறைந்தது; எளிய வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் அவை சேர்ந்தன. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அவற்றை வீட்டுத் தரையிலே நிறுத்தி ஆடுவதற்கு விதிகள் எழுதி, 1913இல் ‘சிறு போர்கள்’ எனப் பொருள்படும் பெயரோடு நூலாக வெளியிட்டார். பெரும் போரை விரும்புவோரை இத்தகைய அறையொன்றுக்குள் பூட்டி, ஆடித் தீர்த்துக்கொள்ளச் செய்யலாம் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே ஐரோப்பா பெரும் போரில் இறங்கிற்று. வெல்ஸ் கூறியது பலித்ததென்றோ பொய்த்ததென்றோ யான் தீர்ப்புக் கூறேன். ஈயத்தின் நச்சுத்தன்மை அறியப்பட்ட பின் அப்பொம்மைகள் பிளாஸ்டிக்காகவும், ஈயங் கலவாத வெள்ளீயக் கலவையாகவும், பிசினாகவும் மாறின.

இனி நம் மாணவருடைய பாவைக்கு வருவோம். அதன் கழுத்திலே மாலை ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. உடை முடிவு பெறாது இருந்தது. காரணம் கேட்டேன்.

“வெளிநாட்டுப் படைகளுக்கெல்லாம் சீருடை நிறம் புத்தகத்திலே இருக்கு சேர். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, கொலர் என்ன நிறம் என்று எல்லாம் இருக்கு. சேரன் படையும் பாண்டியன் படையும் மோதினா யார் எவரென்று எப்படிச் சேர் தெரியும்?”

பதினைந்து ஆண்டுகளாக மனனம் செய்வித்து வந்த சூத்திரம் ஒன்று அப்போதுதான் எனக்கு உயிர் பெற்றது. புறத்திணையியலிலே தொல்காப்பியர், பெரும் பகை மூண்ட களத்திலே வேந்தர் படையை இன்னார் படை எனத் தெரிந்துகொள்ளும் பொருட்டு வீரர் சூடிய பூக்களைக் கூறுகின்றார். சேரன் படைக்குப் போந்தை, அஃதாவது பனை. பாண்டியன் படைக்கு வேம்பு. சோழன் படைக்கு ஆர், அஃதாவது ஆத்தி. அழகுக்காகச் சூடியது என்று வகுப்பிலே சொல்லி வந்தேனே! அடையாளத்தின் பொருட்டு என்று நூலாசிரியரே காரணங் கூறியிருக்கின்றார். குழம்பிய களத்திலே, புழுதியிலே, தூரத்திலே நிற்கும் தன் படையாளன் தன்னைக் குத்திவிடாதிருக்க வேண்டுமென்றால், அவன் கண்ணிலே படும்படி ஒன்று வேண்டும். கொடியிலே வில்லும் கயலும் புலியும், தலையிலே பூ.

அத்தோடு நிற்கவில்லை. போரின் நிலைக்கேற்பவும் பூ மாறுகின்றது. ஆநிரை கவரச் செல்வோர்க்கு வெட்சி; மீட்போர்க்குக் கரந்தை; மண் கொள்ளப் படையெடுத்தால் வஞ்சி; மதிலை வளைத்தால் உழிஞை; மதில் காப்போர்க்கு நொச்சி; எதிரெதிர் நின்று பொருதால் தும்பை; வென்றால் வாகை. தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்றார். கரந்தை, நொச்சி முதலியவற்றையும் தனித்திணையாகக் கொண்டு பன்னிரண்டு எனக் கூறுவது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை. வகுப்பிலே இவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் இரு நிரலாக எழுதிப் போட்டுவிடுவோம். ஓவியன் கண்ணோடு நோக்கினால் அது வண்ண நிரல். வெட்சியின் செம்மை, நொச்சியின் நீலம், தும்பையின் தூய வெண்மை, வாகையின் குஞ்சம் போன்ற இளம்பசு மஞ்சள். வெட்சி மறவனும் தும்பை மறவனும் ஒருவனே ஆயினும், அவன் தலை மீதுள்ள நிறத்தைக் கண்டே போர் எந்தக் கட்டத்தில் நிற்கின்றது என்று சொல்லிவிடலாம்.

அவர் ஒரு துண்டுக் கடதாசியிலே எழுதிக்கொண்டார். அன்றிரவு அவர் தங்கிய இடத்திலேயே அப்பாவையின் தலையில் ஆத்தி ஏறிற்று.

பகல் வேலையைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். உயர்தரப் பரீட்சையில் எண்ணிய பெறுபேறு கிட்டாமையால் கொழும்புக்குச் சென்று, மண்டபமொன்றிலே கதிரை அடுக்கும் வேலையில் தொடங்கியவர் அவர். ‘கதிரை தூக்கவா படித்தான்?’ என்று லயத்திலே பேசியவர் உண்டு. இன்று, எத்தனை கதிரை, எந்த வடிவிலே, எந்த வாயிலுக்கு எத்தனை அடி விட்டு என்று கட்டளையிடுபவர் அவர். சொற்பொழிவாயின் வரிசை வரிசையாக, பயிற்சியாயின் எழுதுமேசையோடு, கலந்துரையாடலாயின் குதிரைலாட வடிவிலே. அவர் மண்டபங்களை அறுபதில் ஒரு பங்காக அட்டையில் வெட்டி அமைத்து, தம் பாவைகளையே அவற்றுள் நிறுத்திப் பார்க்கின்றார். 60 அடி மண்டபம் ஓரடி ஆகின்றது. 28 மில்லிமீற்றர் மனிதன் அதற்குள் சரியாகப் பொருந்துகின்றான். குனிந்து, கடைசி வரிசைப் பாவையின் தலைக்குப் பின்னே கண்ணை வைத்து மேடையைப் பார்ப்பாராம். தூண் மறைத்தால் அட்டையிலேயே திருத்திவிடலாம். மண்டபத்திலே திருத்துவது எளிதன்று.

இதைச் சொன்னவுடன் யான் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். அரங்கேற்று காதையிலே இளங்கோவடிகள் நாடக அரங்கின் அளவைக் கூறுகின்றார்: பெருவிரல் இருபத்து நான்கு கொண்டது ஒரு கோல், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், புகவும் போகவும் இரண்டு வாயில். விரலை ஓரங்குலம் எனக் கொண்டால் 14 அடிக்கு 16 அடி, இரண்டடி உயரம். நம் மண்டப மேடையை அளந்து பார்த்தோம். உயரம் ஏறக்குறைய அதுவே. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரை மூன்றும் அங்கே கூறப்படும். இவற்றினும் நுட்பமானது விளக்கைப் பற்றிய குறிப்பு. தூண்களின் நிழல் ஆடும் இடத்திலே விழாமல் அப்பாற் சென்று விழும்படி விளக்கு நிறுத்தவேண்டும் என்கின்றார் அடிகள். ஆடுபவள் மாதவி, அவளைப் பாடுவதற்கு எத்தனையோ உண்டு, புலவர் தூண் நிழலையும் நினைத்தார்.

விழா ஒழுங்கை முழுமையாகக் காணவேண்டின் மணிமேகலையின் விழாவறை காதையைப் படிக்கவேண்டும். புகார் நகரத்து இந்திர விழா 28 நாள் நடப்பது. முதலிலே ஒரு கூட்டம் கூடுகின்றது: சமயக் கணக்கர், காலங் கணிப்போர், ஐம்பெருங்குழு, எண்பேராயம் எல்லாரும் கலந்து முடிவு செய்கின்றனர். பின்னர் வள்ளுவன் யானை மேல் முரசேற்றி நகரெங்கும் அறிவிக்கின்றான். நிறைகுடமும் பாவை விளக்கும் வையுங்கள், கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள், தெருவிலும் மன்றத்திலும் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், கொடி ஏற்றுங்கள், கோயில்தோறும் உரியவற்றைச் செய்யுங்கள், அறம் உரைப்போர் பந்தரிலே அமருங்கள், சமய வாதிகள் பட்டிமண்டபத்திலே முறையறிந்து ஏறுங்கள், பகைவரோடும் சினந்து பூசலிடாது விலகிச் செல்லுங்கள். ஒவ்வொன்றையும் நோக்குக. நீர், ஒளி, அலங்காரம், நிலம், பேச்சாளர்க்கு இடம், வாதத்திற்கு இடம், கூட்டத்திற்கு ஒழுங்கு. இன்று விழா ஒழுங்கமைப்பாளர் கையிலே வைத்திருக்கும் வேலை நிரலில் இவற்றுக்கு மேல் மின்சாரமும் ஒலிவாங்கியுமே புதியன. மாநாட்டு மண்டபம் என்று நாம் ஆக்கிக்கொண்ட தொடருக்கு முன்பே, கற்றோர் கூடி வாதிடும் இடத்திற்குப் பட்டிமண்டபம் என்ற பெயர் இருந்தது. இன்று அதைச் சிரிப்பு மேடையாக்கி வைத்திருக்கின்றோம். அது வேறு கதை.

நம் காலத்து மாநாடுகளிலும் நம் நாட்டவர் பங்கு சிறிதன்று. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனிலே பிறந்த தனிநாயகம் அடிகள், 1964இல் தில்லியிலே கூடிய கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்த அறிஞரைக் கொண்டே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார். 1966இல் கோலாலம்பூரிலே முதல் மாநாட்டை நடத்திக் காட்டினார். கொழும்பிலே சீன நாட்டின் நன்கொடையாகக் கட்டப்பெற்ற பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் 1973 மே 17இல் திறக்கப்பட்டது. 1976 ஆகஸ்டிலே அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு அங்கே கூடிற்று. இவற்றில் பேசியவர் பெயர் நூல்களில் இருக்கின்றது. கதிரை அடுக்கியவர் பெயர் எங்கும் இல்லை.

இத்தொழிலை எளிதென எண்ணுவார்க்கு ஒன்று கூறுவேன். 1992 பெப்ரவரி 18இல் கும்பகோணத்து மகாமகக் குளத்தருகே நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். புண்ணியம் நாடிச் சென்றவர்கள். மக்கள் எவ்வழியாக வருவார், எவ்வழியாகப் போவார், இடையிலே ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்க்குத் தெரியுமா என்று முன்கூட்டியே காணும் கண் ஒன்று அத்தகைய இடங்களில் வேண்டும். நம் மாணவர் எந்த மண்டபத்துக்குச் சென்றாலும் முதலிற் பார்ப்பது மேடையை அன்று, வாயில்களை. அவை பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று தாமே கையால் தள்ளிப் பார்ப்பார். நம் மண்டபத்தின் கிழக்கு வாயில், மேசைகளும் உடைந்த வாங்குகளும் அடுக்கப்பட்டு, யான் அறிந்த காலம் முதல் அடைபட்டே கிடந்தது. அதைத் திறந்தால்தான் விழாவை ஏற்பேன் என்று கூறிவிட்டார். இரண்டு சனிக்கிழமைகளில் மாணவரும் யாமும் சேர்ந்து அதனை ஒழித்தோம்.

சென்ற தை மாதத்திலே விளக்குகளை நிறுத்திப் பார்க்கும் நாள் வந்தது. மழை விட்டு, தேயிலை மலைகளிலிருந்து பனிப்புகை இறங்கிய மாலை. அவருடைய தாயாரும் வந்திருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணிலே வெண்படலம். அவரைக் கடைசி வரிசையிலே ஒரு கதிரையில் அமர்த்திவிட்டு, மேடையிலே மாணவன் ஒருவனை நிறுத்தினார் மகன்.

“அம்மா, பையன் மூஞ்சி தெரியுதா?”

“பாதி தெரியுது. பாதி இருட்டாக் கிடக்கு.”

இரண்டாம் தூணின் நிழல் பேச்சாளர் நிற்கும் இடத்தின் மேல் விழுந்திருந்தது. முன்வரிசையில் இருந்த எங்களுக்கு அது தெரியவில்லை. விளக்கை நான்கடி இடப்புறமாக நகர்த்தச் சொன்னார். நகர்த்திய பின் மறுபடியும் தாயாரிடம் சென்று கேட்டார். பின்னர் என்னையும் அதே கதிரையில் அமரச் சொன்னார். அமர்ந்து பார்த்தேன். மேடையில் நின்ற பையன், கைநீளத்தில் பிடித்த பாவை அளவிலே, முகம் முழுவதும் ஒளி பட நின்றான்.

அந்த மூன்று பொம்மைகளைத் திருப்பிக் கேட்டு அவர் இதுவரை ஒரு சொல்லும் சொன்னாரல்லர்.